முறிகண்டி ஆச்சியின் காதும் கரோ மலைக் கோப்பியும்

அண்ணை இந்தோனேசியாவின் மெடான் நகரில் இருந்து திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரேயொரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு போன் சார்ஜர், மருந்துச் சீட்டுகள், அப்புறம் கால் கிலோ வீதம் நான்கு கோப்பிப் பொட்டலங்கள். ஒன்பது வருடம் வெளியில் இருந்துவிட்டு வருகிறவர் சொக்லேட் கொண்டுவருவார் என்று வாசலில் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பையைத் திறந்த உடனேயே அறை முழுக்கப் பரவிய அந்த மணம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. மழை ஓய்ந்த காட்டுக்குள் நின்று யாரோ கறுவாப்பட்டையை முறித்ததுபோல ஒரு மணம்.

அவர் என் பெரியப்பாவின் மகன். அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறி இந்தோனேசியாவில் நின்றுபோனவர்களில் ஒருவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் அந்த நாடு சேரவில்லை, அதனால் கையில் அகதி அட்டை இருந்தாலும் அங்கே வேலை செய்ய முடியாது, மூன்றாவது நாடு ஒன்று கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் காத்திருந்தார், ஒரு நாடும் கூப்பிடவில்லை, கடைசியில் தாயின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று கிளிநொச்சிக்கே வந்துவிட்டார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. கோப்பியைப் பற்றிக் கேட்டால் மட்டும் இரவு பன்னிரண்டு மணிவரைக்கும் பேசுவார். அவர் சொன்னதையும், நான் பிறகு தேடி வாசித்ததையும், கடந்த எட்டு மாதமாக எங்கள் குசினியில் செய்து பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு பிழை நடந்துவிட்டது. அம்மா ஒரு பொட்டலத்தை உடைத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி தூளாக்கி, கேத்தலில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, நாலு கரண்டி சீனி போட்டு ஆற்றி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கோப்பி என்றால் அதுதானே. கொட்டையை எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கறுக்க வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் கொஞ்சம் சீரகமும் சேர்த்து உரலில் இடித்து, அரிதட்டில் அரித்துப் போத்தலில் அடைத்து வைப்பது. தடிமன் பிடித்தால் அது, செத்தவீட்டில் இரவிரவாகக் கண்விழிக்கிற ஆட்களுக்குப் பெரிய பானையில் காய்ச்சி ஊற்றுவதும் அது. அந்தக் கோப்பியை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் அம்மம்மாவின் கைமணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "சின்னம்மா, இதைக் கொதிக்க விடக் கூடாது. நாளைக்கு நான் போட்டுத் தாறன், சீனி போடாமல் ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ."

அடுத்த நாள் அவர் செய்தது இவ்வளவுதான். கொட்டையைக் கரகரப்பாக அரைத்தார், ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக. கொதித்த தண்ணீரை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டார். ஒரு பெரிய கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூள், மேலே தண்ணீர், நாலு நிமிடம் தொடாமல் விட்டார். மேலே ஆடைபோலத் தூள் திரண்டு நின்றது. அதைக் கரண்டியால் மெல்ல உடைத்து, நுரையை வழித்து எறிந்துவிட்டு, துணியில் வடித்துக் கொடுத்தார். ஆடையை உடைக்கும் நேரம் மூக்கைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். உலகம் முழுக்கக் கோப்பியைச் சோதிக்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குடித்தேன். முதலில் தெரிந்தது கனம். கூழ் குடிக்கும்போது நாக்கில் ஒரு பாரம் நிற்குமே, அதுபோல. புளிப்பு மிகக் குறைவு, கசப்பு இருந்தது ஆனால் எரிந்த கசப்பு இல்லை. விழுங்கிய பிறகு யாழ்ப்பாணத்துப் புகையிலைக் குடிலுக்குள் நுழைந்தால் வருகிற வாசம், பிறகு சாதிக்காய், ஈர மண். ஆற ஆற ஒரு இனிப்பு மேலே வந்தது, பனங்கட்டியைக் கடித்துவிட்டு வாயைக் கொப்பளித்தபின் மிஞ்சுமே, அந்த அளவு இனிப்பு. சீனி போடாத கோப்பியில் இனிப்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு முப்பத்தெட்டு வயது.

பொட்டலத்தில் ஒரு மலைப் படம் இருந்தது, உச்சியில் புகை. அது சினாபுங். சுமாத்திராவின் வடக்கே, தோபா ஏரிக்கு வடமேற்கே கரோ மேட்டுநிலம் என்று ஒரு பகுதி, அங்கே 2,460 மீற்றர் உயரத்தில் நிற்கிற எரிமலை. தோபா ஏரியே ஒரு எரிமலையின் வாய்தான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் அது வெடித்ததில் உண்டான பள்ளம்தான் இன்றைக்கு நூறு கிலோமீற்றர் நீளமான ஏரியாகக் கிடக்கிறது. அந்தச் சாம்பல் இந்தியா வரைக்கும் வந்து விழுந்திருக்கிறது, ஆந்திராவில் இன்றும் நிலத்தைத் தோண்டினால் அந்தப் படை தெரிகிறது. எங்கள் இரணைமடுக் காட்டுக்கு மேலாலும் அது பறந்துபோயிருக்கும் என்று நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எரிமலைக் கோப்பி என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அந்த மண் என்னதான் செய்கிறது என்று அறிய எனக்கு ஆசை. சாம்பலில் இருந்து உண்டாகிற மண்ணை மண்ணியலாளர்கள் அண்டோசோல் என்கிறார்கள், ஜப்பானிய மொழியில் கரிய மண் என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். கையில் எடுத்தால் பாரமே இருக்காது, கேக் மாதிரி உதிரும் என்று அண்ணை சொன்னார். பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கும், ஆனால் வேரடியில் தண்ணீரைத் தேங்க விடாது. கோப்பி மரத்துக்கு இரண்டும் வேண்டும், வேர் ஊறினால் அது செத்துப்போகும். குவாத்தமாலாவின் அன்ரிகுவா பள்ளத்தாக்கைச் சுற்றி அகுவா, புவேகோ, அகத்தெனாங்கோ என்று மூன்று எரிமலைகள் நிற்கின்றன, அங்கே மண்ணில் கலந்திருக்கிற நுரைக்கல் துகள்கள் மழை குறைந்த மாதங்களில் ஈரத்தைக் காத்து வைத்துக் கொடுக்கின்றன. இதெல்லாம் உண்மை. அதற்காக எரிமலை மண் என்றாலே எல்லாச் சத்தும் நிறைந்தது என்று சொல்வது சரியில்லை. அந்த மண் பொஸ்பரசைத் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், செடிக்கு இலேசில் விடாது. புதிதாக விழுந்த சாம்பலோ மண்ணே கிடையாது. இலையை மூடும், கருக்கும், மழை பட்டால் சீமெந்துபோல இறுகும். அது மண்ணாக மாறக் காலம் எடுக்கும், அதுவரை அங்கிருக்கிறவன் எதைச் சாப்பிடுவது?

எங்கள் நிலம் இதற்கு நேர் எதிர். இலங்கையில் எரிமலை இல்லை, இருப்பது பெரும்பாலும் மிகப் பழைய உருமாறிய பாறை. அந்தப் பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்குப் புவியியலாளர்கள் வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு நல்ல சந்தோசம், எங்கள் ஊரின் பெயர் பாறைக்கும் இருக்கிறது. அதன்மேல் கிடக்கிற செங்கபில மண் கோடையில் கல்லுப்போல இறுகும், மாரியில் சேறாகும். நெல்லுக்கும் உழுந்துக்கும் கச்சானுக்கும் நல்லது. குளிர்மலையில் விளைகிற அரபிக்கா இனக் கோப்பிக்கு ஆகாது, அதற்கு மண் மட்டும் காரணமில்லை.

பெரிய காரணம் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். மெடான் நகரம் எங்களைப்போலவே கடலோடு ஒட்டிய தாழ்நிலம், வெக்கை பிடுங்கும். அங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீற்றர் பஸ்ஸில் ஏறி பெரஸ்தாகிக்குப் போனால் 1,300 மீற்றர், இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாதாம். அந்தக் குளிரில் கோப்பிப் பழம் அவசரமில்லாமல் பழுக்கும். பூத்ததில் இருந்து பழுக்க எட்டு மாதம், ஒன்பது மாதம். மெல்ல மெல்ல இனிப்பும் புளிப்பும் கொட்டைக்குள் சேர்கிற காலம் அது. அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் இரண்டு கோப்பி மரம் நின்றது, கழுவுகிற தண்ணீரும் வாழை நிழலும் அதற்குப் போதுமாக இருந்தது, பழமும் காய்த்தது. ஆனால் அது ரொபஸ்ரா, வெக்கையைத் தாங்குகிற இனம், மல்லியோடு இடித்துக் குடிக்கத்தான் சரி. எரிமலைகள் உயரமானவை, அவற்றின் சரிவில் குளிர் இருக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடும். பொட்டலத்தில் எரிமலைப் படம் போடுவதற்குப் பதில் ஒரு போர்வைப் படம் போட்டாலும் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நான் அண்ணைக்குச் சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது. கர்நாடகத்தில் பாபாபுடன் மலையில் இன்று எரியும் மலை எதுவும் இல்லை, அங்கே நூற்றாண்டுகளாக நல்ல கோப்பி விளைகிறது. பனாமாவில் பாரு எரிமலைச் சரிவில் எத்தனையோ தோட்டங்கள் இருந்தும், உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது எத்தியோப்பியாவில் இருந்து சுற்றிச் சுற்றி அங்கே வந்து சேர்ந்த கெய்ஷா என்ற ஓர் இனம். 2004இல் ஏலத்தில் ஒரு றாத்தல் 21 டொலருக்குப் போய் அன்றைக்குச் சாதனை படைத்தது. மண் ஒரு பங்கு, உயரம் ஒரு பங்கு, வித்து ஒரு பங்கு.

பிறகு கை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மெடானில் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு தமிழ்க் குடியிருப்பு, 1884இல் கட்டின மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கோயிலில் பழகின ஒரு குடும்பத்துக்குக் கரோ மலையில் சம்பந்தக்காரர் இருந்தார்கள், அவர்களோடு அண்ணை பழம் பறிக்கும் காலத்தில் போய் நின்றிருக்கிறார். சம்பளத்துக்கு இல்லை, சும்மா கூடப்போய்ப் பறித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு எல்லாம் ஒன்றாக நிற்குமாம். சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும், அதே மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வர வேண்டும். கொப்பைப் பிடித்து ஒரே இழுவையில் உருவினால் பல மடங்கு வேகம், ஆனால் பச்சைக் கொட்டை கோப்பியில் கச்சல் வாழைக்காய் மாதிரித் துவர்க்கும். அன்று பறித்ததை அன்றே, வீட்டு முற்றத்தில் கையால் சுற்றுகிற ஒரு சின்ன மெசினில் தோல் நீக்கி, ஒரு இரவு புளிக்க விட்டு, காலையில் கழுவி, கொஞ்சம் உலர்த்துவார்கள். மற்ற நாடுகளில் கொட்டையின் மேல் ஓடு இருக்கும்போதே நன்றாகக் காயவிட்டு, ஈரம் பன்னிரண்டு வீதத்துக்கு வந்தபின்தான் ஓட்டை உடைப்பார்கள். சுமாத்திராவில் மழை அப்படிக் காய விடாது. அதனால் பாதி ஈரத்தோடேயே சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடுவார்கள், வாங்குகிறவர் அந்த ஈரக் கொட்டையின் ஓட்டை உடைத்துப் பிறகு காயப்போடுவார். கீலிங் பாசா என்று அதற்குப் பெயர், ஈர அரைப்பு என்று அர்த்தம். கொட்டை ஒருவித நீலப்பச்சை நிறமாகிவிடும். நான் குடித்த அந்தக் கனமும், குறைந்த புளிப்பும், ஈர மண் வாசமும் பெரிய அளவில் இந்தக் கைவேலையில் இருந்து வருவது. எரிமலையின் மணம் என்று நான் முதல் நாள் நினைத்தது, மழைக்கு முதல் காசாக்கிவிட வேண்டும் என்ற ஒரு கமக்காரனின் அவசரத்தின் மணம்.

அவர்கள் நடுகிற இனம் ஒன்றுக்கு சிகாரார் ஊத்தாங் என்று பெயர். பத்தாக் மொழியில் கடன் கட்டுவது என்று பொருள். சீக்கிரம் காய்க்கும், அடிக்கடி காய்க்கும், வாங்கின கடனை அடைக்க உதவும் என்று வைத்த பெயர். இதைக் கேட்டதும் அம்மா, "எங்கட உழுந்துக்கும் அந்தப் பெயர் வைக்கலாம்" என்றார். வைக்கலாம்தான், வன்னியில் உழுந்து விற்ற காசில் எத்தனை அடகு நகை மீண்டிருக்கும்.

சினாபுங் பல நூற்றாண்டு உறங்கிக் கிடந்துவிட்டு 2010 ஓகஸ்டில் எழும்பியது. 2013இல் மறுபடியும் தொடங்கி வருடக்கணக்காக நிற்கவில்லை, 2014 பெப்ரவரியில் ஆட்கள் செத்தார்கள். அடிவாரக் கிராமங்கள் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பாய் விரித்துக் கிடந்தன. அண்ணை பார்த்தது அதன் பிந்திய வருடங்களை. "தறப்பாளைக் கண்ட உடனே எனக்குக் கால் நடக்க மறுத்திட்டுது" என்றார் ஒருநாள், அதற்குமேல் சொல்லவில்லை. சில கிராமங்களை அப்படியே எடுத்து சியோசார் என்ற காட்டுப் பக்கத்தில் குடியேற்றினார்கள், வீடும் கொஞ்ச நிலமும் கொடுத்து. அங்கே உருளைக்கிழங்கோடு கோப்பியும் வைத்தார்கள். நட்ட மரம் காய்க்க இரண்டு மூன்று வருடமாவது வேண்டும். மீள்குடியேறின முதல் வருடத்தில் வீட்டு வாசலில் தென்னம்பிள்ளை வைத்துவிட்டு, அது காய்க்கிறபோது நாங்கள் இங்கே இருப்போமா என்று யோசித்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கரோ ஆட்களின் குலப்பெயர்களைப் பற்றி அண்ணை சொன்னபோது நான் நம்பவில்லை, தேடிப் பார்த்துத்தான் நம்பினேன். செம்பிரிங் என்ற குலத்துக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா என்று கிளைகள் இருக்கின்றன. சோழர், பாண்டியர், மலையாளர். தோபாவுக்கு மேற்கே கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகத்தில் கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. கற்பூரம் தேடிப் போனவர்கள் அவர்கள், அப்போது அங்கே கோப்பி கிடையாது. கோப்பியும் பிறகு எங்கள் பக்கத்துக் கரையில் இருந்துதான் போனது. மலபாரில் இருந்து ஒல்லாந்தர் 1696இல் அனுப்பிய நாற்றுகள் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அழிந்துவிட, 1699இல் மறுபடி அனுப்பியவை பிழைத்து ஜாவாவில் பரவின.

இனி எங்கள் கதை. தாத்தா மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். (நாங்கள் வீட்டில் தாத்தா என்போம், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அப்பப்பா என்பார்கள், சின்ன வயதில் அந்த ஒரு சொல்லை வைத்தே நாங்கள் மலைநாட்டு ஆட்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். அவர் பிறந்தபோது மலை முழுக்கத் தேயிலை. ஆனால் அவருடைய தாத்தாவின் தகப்பன் வந்தது கோப்பிக்கு. 1870களில் இலங்கை உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளில் ஒன்று. அந்தக் கோப்பியைப் பறிக்க வந்தவர்கள் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களில் இருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையால் மதவாச்சி, தம்புள்ளை என்று மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் தண்ணீர் இல்லாமலும் விழுந்தவர்களை அந்தந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கங்காணி மற்றவர்களை நடத்திக்கொண்டு போனான். மன்னார்ப் பக்கத்துக் காடு எங்கள் வன்னியின் மேற்கு ஓரம்தானே. "நாங்க வன்னிக்குப் புதுசில்லை, எங்க எலும்பு ஏற்கனவே இங்க கெடக்கு" என்று தாத்தா சொல்லுவார். 1869இல் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள், அதுதான் துரு நோய், ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்ற பங்கசு. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் படுத்துவிட்டன, தேயிலை வந்தது. அதே நோய் சில வருடத்திலேயே சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் போய் அங்கேயும் தாழ்நிலக் கோப்பியை அழித்தது. மலையேறித் தப்பியதுதான் இன்று கரோவில் நிற்கிறது, அதிலும் பல, நோயைத் தாங்க அரபிக்காவும் ரொபஸ்ராவும் கலந்த திமோர் இனத்தின் வாரிசு.

அத்தனை தூரம் நடந்து வந்து பறித்தவர்களில் ஒருவராவது தான் பறித்த கோப்பியைக் குடித்துப் பார்த்திருப்பாரா? எட்டு மாதமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அண்ணையின் பொட்டலங்கள் இரண்டு மாதத்தில் முடிந்தன. அதன்பிறகு கிளிநொச்சிச் சந்தையில் பச்சைக் கொட்டை வாங்கினேன், மாத்தளைக் கொட்டை என்று கடைக்காரர் சொன்னார். ஒரு கிலோவைச் சுளகில் கொட்டி நானும் அம்மாவும் இருந்து பொறுக்கினோம். உயர்தரக் கோப்பிக்கு ஸ்பெஷாலிட்டி கோப்பி என்ற சொல்லை 1974இல் முதலில் பயன்படுத்தியவர் எர்னா நூட்சன் என்ற பெண் வியாபாரி, அந்தப் பெயர் வாங்கச் சோதிக்கிறவர்களிடம் நூற்றுக்கு எண்பது புள்ளி எடுக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம், 350 கிராம் கொட்டையில் முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு போன்ற பெரிய பழுது ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் கிலோவில் அப்படிப்பட்டது கைநிறைய இருந்தது. கறுத்தது, உடைந்தது, புளித்து மண்ணிறமானது, ஊசியால் குத்தியதுபோல வண்டு துளைத்தது. அம்மாவின் கண் என்னுடையதைவிட நாலு மடங்கு வேகம், அரிசியில் கல் பொறுக்கின கண். முடிவில் இருநூறு கிராமுக்குக் கிட்ட ஒதுக்கினோம். ஒதுக்கினதைத் தனியாக வறுத்துக் காய்ச்சிப் பார்த்தேன், நனைந்த சாக்கின் நாற்றம். இவ்வளவு நாளும் இந்த இருநூறு கிராமின் நாற்றத்தை மறைக்கத்தான் நாங்கள் கரியாக வறுத்திருக்கிறோமோ என்று யோசித்தேன். இப்படி ஏன் வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மூன்று மரம் வைத்திருக்கிறவர்கள், பழுக்கும்வரை விட்டால் களவு போய்விடும் என்று பச்சையும் சிவப்புமாக உருவி விடுகிறார்கள், பழுத்ததுக்கும் பச்சைக்கும் ஒரே விலைதானே தாங்கள் கொடுப்பது என்றார். அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. சிவந்த பழத்துக்குக் கூடுதல் விலை கொடுக்காத இடத்தில் சிவந்த பழத்தை யாரும் தேடிப் பறிக்கமாட்டார்கள், அதில் பறிக்கிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வறுப்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கொட்டை முதலில் மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும், பிறகு பாண் சுடுகிற மணம், பிறகு மண்ணிறம். இருநூறு பாகைக்குக் கொஞ்சம் குறைவில் முதல் வெடிப்புச் சத்தம் கேட்க வேண்டும், அதிலிருந்து ஒன்றரை இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். இன்னும் விட்டால் இரண்டாவது வெடிப்பு தொடங்கும், எண்ணெய் வெளியே வரும், அது எங்கள் பழைய கோப்பி. இரண்டு சத்தத்தையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை, நாலு தரம் கருக்கினேன், ஒருதரம் பச்சையாக இறக்கினேன்.

அப்போதுதான் முறிகண்டி ஆச்சி நினைவுக்கு வந்தார். ஏ9 வீதியால் போகிற வாகனம் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும், கோயிலுக்கு முன்னால் வரிசையாகக் கச்சான் கடை. அதில் ஒரு ஆச்சியிடம்தான் நாங்கள் எப்போதும் வாங்குவோம். மணலில் கச்சான் வறுக்கும்போது அவர் தாச்சியைப் பார்ப்பதே இல்லை, ஆட்களோடு கதைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று அரிதட்டை எடுத்து அள்ளுவார். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, "காதுக்குத் தெரியும் பிள்ளை" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்சட்டியையும் இருநூறு கிராம் கொட்டையையும் ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனேன். கோப்பியை மணலில் போடக் கூடாது என்றேன், சரி என்று விறகை இழுத்துத் தணலாக்கினார். அகப்பையை ஒரு நொடி நிறுத்தாமல் அடியோடு புரட்டினார். பன்னிரண்டாவது நிமிடம் டப், டப் என்று தொடங்கியது. "இது கச்சான் கோது வெடிக்கிற சத்தம்" என்றார். கொஞ்சம் கழித்து நாலைந்து கொட்டையை மட்டும் ஒரு கரண்டியில் எடுத்துத் தணலில் பிடித்துக்கொண்டே இருந்தார், சிறிசிறிதாகப் படபடவென்று வந்தது. "இது நாவூறு கழிச்சு உப்புப் போடுற சத்தம். இது வர முதல் இறக்கிப்போடு." அவ்வளவுதான். புத்தகங்களில் பக்கம் பக்கமாக வாசித்தும் விளங்காதது எனக்கு அந்த இரண்டு வசனத்தில் விளங்கிவிட்டது. இறக்கிச் சுளகில் போட்டுப் புடைத்தார், உமிபோல மெல்லிய தோல் பறந்தது, கொட்டை சட்டென்று ஆறியது. மெசினில் விசிறி வைத்துச் செய்கிற வேலையை ஒரு சுளகு செய்துவிட்டது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் எந்தக் கோப்பியும் தட்டையாகத்தான் இருக்கும், புளிப்பை அது விழுங்கிவிடும். கார்த்திகை மழையில் பிடித்து வைத்த தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து போட்டேன், அதே கொட்டையில் தோடம்பழத் தோலின் மணம் ஒன்று புதிதாக வந்தது. இதை வாசிக்கிற வன்னி ஆட்கள் யாரும் நல்ல கோப்பி வாங்கிப் போட்டுவிட்டு ருசி இல்லை என்று கொட்டிவிடாதீர்கள், முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

வறுத்து ஒரு நாள் ஆறவிட்டு, திங்கட்கிழமை பின்னேரம் ஒரு பிளாஸ்கில் போட்டுக்கொண்டு அண்ணையும் நானும் முறிகண்டிக்குப் போனோம். அண்ணை முதலில் குடித்தார். கரோ மாதிரி இல்லை, கனம் குறைவு, புளிப்புக் கூட, ஆனால் கடைசியில் அதே இனிப்பு இருக்குது என்றார். தாத்தாவின் மலையில் விளைந்தது, எரிமலை இல்லாத மலை, களவுக்குப் பயந்து உருவினதில் நாங்கள் பொறுக்கி எடுத்தது. பழுத்ததை மட்டும் பறித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பழம் எடுக்கும் காலத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் மாத்தளைக்குப் போய், தாத்தாவின் ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டில் நிற்கிற எட்டு மரத்தில் சிவந்ததை மட்டும் பறித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கி வருவதாகப் பேசி முடித்திருக்கிறோம். கையால் சுற்றுகிற தோல் நீக்கும் மெசின் ஒன்றை அண்ணை படம் வரைந்து வைத்திருக்கிறார், பரந்தனில் ஒரு வெல்டிங் கடையில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆச்சி இரண்டு மிடறு குடித்தார். சீனி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வீதியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்டைக்கு நான் உன்ர சொல்லைக் கேட்டு அரை நிமிசம் முந்தி இறக்கிப்போட்டன் பிள்ளை, உள்ளுக்குள்ள இன்னும் ஒரு பச்சை நிக்குது" என்றார்.

அடுத்த தரம் அரை நிமிடம் கூட விட்டேன். பச்சை போய்விட்டது.